சொந்த ஊரிலேயே களப்பணி செய்யலாமா? மாமாவின் கொப்பரைக் களம், வாய் திறக்காத பெண்கள்

காங்கேயத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மானிடவியல் முதுகலை படிக்கிறேன், ஆடியில் கடைசி வருஷம் தொடங்குகிறது. பண்பாட்டு மானிடவியல் பக்கம்தான் மனசு. அதில் ஒரு பருவம் முழுக்கக் களப்பணி, அப்புறம் ஆய்வேடு. எங்கே போவது, எதை எடுப்பது என்று நாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் நிற்கிறேன்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். இந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கொப்பரைக் களம்தான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து லாரியில் காய் வந்து இறங்கும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்து வெயிலில் மலர்த்திப் போடுவார்கள், இரண்டு மூன்று நாளில் சுருங்கினதும் தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, பருப்பைப் பெயர்த்தெடுத்து மறுபடியும் காயப்போட்டு, தரம் பிரித்து மூட்டை கட்டினால் எண்ணெய் மில்லுக்குப் போகும். பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை. ஆனால் அந்தப் பெண்கள் எந்த வளவிலிருந்து, அதாவது எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள், யார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், நாலு நாள் மழை பிடித்துக் களத்தை மூடிவிட்டால் அந்த வாரத்தை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதையே ஆய்வாக எடுக்கலாம் என்று ஆசை.

இப்போது குழப்பம். என் தாய்மாமாவே ஒரு களம் வைத்திருக்கிறார். "எங்கயோ போயி எதுக்குக் கண்ணு அலையற, நம்ம களத்துலயே வந்து உக்காந்து எழுதிக்க" என்கிறார். விடுமுறையில் போனேன். போனதும் வேப்ப மர நிழலில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அதுவரை சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கப்சிப். என் அம்மாவை விட மூத்தவர்கள் என்னை "வாங்க அம்மிணி" என்கிறார்கள். எதைக் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லீங்க, நல்லா இருக்கறமுங்க" என்பதோடு முடிந்துபோகிறது.

கூடப் படிக்கிறவர்கள் மலைக்குப் போ என்கிறார்கள். ஆனைமலையில் காடர், சத்தியமங்கலத்தில் சோளகர், கொல்லிமலையில் மலையாளிகள் என்று ஆளுக்கொரு பட்டியல். சொந்த ஊரைப் பற்றி எழுதினால் அது மானிடவியலே இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வீட்டிலோ, இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்ற கேள்வி தினமும் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது.

சொந்த ஊர் சரிவருமா, மாமா களம் சரிவருமா, அந்தப் பெண்களிடம் எப்படிப் பேசத் தொடங்குவது? இந்த வழியில் போனவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.


நொய்யல்கரை எழுதியது:

நான் சமூகவியல் கற்பிக்கிறவன், களப்பணி செய்ததெல்லாம் ஈரோடு, கரூர் பக்கம். உங்கள் கேள்வியைப் படித்து ரொம்பச் சந்தோஷப்பட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மலைக்குப் போக வேண்டும் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், நம் பக்கத்தில் இந்தப் படிப்பே மலையிலிருந்துதான் கீழே இறங்கி வந்தது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் நீலகிரியில் தொதவர் பழங்குடியினரோடு இருந்துவிட்டு 1906-ல் புத்தகம் போட்டார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, 1909-ல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அகர வரிசையில் அடுக்கி வைத்தார், மூக்கு அளவு மண்டை அளவு உட்பட. ஆட்சி செய்கிறவன் ஆளப்படுகிறவனைப் பார்க்கிற பார்வை அது, அந்த வாசனை இன்றைக்கும் சில வகுப்பறைகளில் போகவில்லை. காடரிடமும் சோளகரிடமும் உங்களுக்கென்று ஒரு கேள்வி இருந்தால் போங்கள். பழங்குடி என்றால்தான் மானிடவியல் என்பதற்காகப் போகாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே நிறைய பேருக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போயிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். உங்கள் ஊரே மானிடவியலில் பேர் பெற்ற ஊர்தான். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களின் நடுவில் தங்கிக் களப்பணி செய்தார். 1972-ல் கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. நிலத்தை ஒட்டி நின்ற வலங்கைச் சாதிகளும் கைத்தொழில், வணிகம் சார்ந்த இடங்கைச் சாதிகளும் கும்பிடுகிற முறையிலும் கல்யாண முறையிலும் எப்படிப் பிரிந்து நின்றார்கள் என்று ஊர் ஊராக, சாதி சாதியாக எழுதியிருக்கிறார். பொன்னர், சங்கரின் வீரக்கதையான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர்களிடமிருந்து பல இரவுகள் ஒலிநாடாவில் பதிந்ததும் அந்தக் காலத்தில்தான். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த நூல் கட்டாயம் இருக்கும், இன்றைக்கே எடுங்கள். அவர் பார்த்தது கிணற்றுப் பாசனமும் பண்ணையாள் முறையும் இருந்த காங்கேயம். கொப்பரைக் களமும் அரிசி ஆலையும் எண்ணெய் மில்லும் நிறைந்த காங்கேயத்தை நீங்கள் எழுதினால், அதே மண்ணைப் பற்றி அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பதிவுகள் இருக்கும். எத்தனை மாணவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அமையும்?

சொந்த ஊர், சொந்த மொழி என்பதால் கிடைப்பதும் உண்டு, அடைபடுவதும் உண்டு. மைசூருக்குப் பக்கத்தில் எம்.என்.சீனிவாஸ் என்ற மானிடவியலாளர் 1948-ல் ஒரு கிராமத்தில் போய் இருந்தார், ராம்புரா என்று மாற்றுப் பெயர் வைத்து எழுதினார். ஊர்த் தலைவருக்குச் சொந்தமான கட்டடத்தில் தங்கினார், ஊரார் அவரைப் பிராமணராகவே பார்த்தார்கள், பிராமணர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே அவர் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோமோ அங்கிருந்து தெரிகிற ஊர்தான் நமக்குத் தெரியும் என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அவருடைய குறிப்புகள் எரிந்துபோய், நினைவிலிருந்து 1976-ல் அந்தக் கிராமத்தைப் பற்றிய நூலைக் கொண்டுவந்தார் என்பது தனிக் கதை. கணினி, பென் டிரைவ், மின்னஞ்சல் என்று மூன்று இடத்தில் குறிப்புகளைச் சேமித்து வையுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அதைத்தான் சொல்வேன்.

உங்களுக்குப் போட்ட அந்த நாற்காலி இருக்கிறதே, உங்கள் முதல் தரவே அதுதான். யார் சொல்லிப் போட்டார்கள், யார் தூக்கி வந்தார்கள், அந்தப் பெண்கள் எதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள், நீங்கள் உட்கார்ந்ததும் யார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள், யார் குரல் முதலில் நின்றது, எழுந்து போனதும் பேச்சு திரும்ப ஆரம்பித்ததா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பேச மாட்டேன் என்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத்தானே போகிறீர்கள்.

ஆனால் மாமா களத்தில் அந்தப் பெண்களை ஆய்வு செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நாளைக்கு வேலை கொடுக்கிறவரின் மருமகள் கேட்டால் முடியாது என்று யாரால் சொல்ல முடியும்? முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்குகிற சம்மதத்துக்கு அர்த்தம் கிடையாது. ஒருத்தர் மனசுவிட்டுக் கூலியைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால், அது எந்த வழியிலாவது மாமா காதுக்குப் போகாது என்று உங்களால் உறுதி கொடுக்கவும் முடியாது. வேறு களம் பாருங்கள், சொந்தக்காரர் யாரும் இல்லாத களமாக.


பனியன்நகரம் எழுதியது:

ஐயா சொன்னதில் பாதியோடு உடன்படுகிறேன். அந்தப் பெண்களை மாமா களத்தில் வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, அது சரிதான். ஆனால் மாமா களத்தையே விட்டுவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் திருப்பூரில் பின்னலாடை கம்பெனிகளைப் பற்றி ஆய்வு செய்தேன். தொழிலாளியைப் போய்ப் பார்ப்பது சுலபம், எந்தக் காலனிக்குப் போனாலும் ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள். முதலாளியிடம் அரை மணி நேரம் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாட்ச்மேனைத் தாண்டவே வாரக்கணக்கில் ஆனது. அப்படித் தாண்டினாலும் ஏற்றுமதி, டாலர், அரசாங்கம் வரி போடுகிறது என்று மேடைப் பேச்சுதான் கிடைக்கும். கணக்குப் புத்தகத்தை யாரும் திறந்து காட்ட மாட்டார்கள். லாரா நேடர் என்ற மானிடவியலாளர் 1972-லேயே கேட்டார், ஏன் எல்லாரும் ஏழைகளையே ஆய்வு செய்கிறீர்கள், அதிகாரமும் பணமும் இருக்கிற இடத்தை ஏன் மேல்நோக்கிப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று. உங்களுக்கு அந்தக் கதவு பிறந்ததிலிருந்தே திறந்துதான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். மாமா களம் போட முதல் பணம் எங்கிருந்து வந்தது? நிலத்தை விற்றா, மாமியார் வீட்டிலிருந்தா, பங்காளிகள் நாலு பேர் கூட்டு சேர்ந்தா? காய் வாங்க யாரிடம் கடன்? வெள்ளகோவிலிலும் பெருந்துறையிலும் கொப்பரை ஏலம் நடக்கும்போது அவர் யார் யாரோடு நின்று பேசுகிறார், விலை இறங்கினால் சரக்கைப் பிடித்து வைக்கத் தாங்குவாரா? ஆள் கூட்டி வருகிற மேஸ்திரிக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார், ஆள் வராவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும்? ஷரத் சாரி என்ற புவியியலாளர் திருப்பூரைப் பற்றி 2004-ல் எழுதிய நூலில் இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் பின்தொடர்ந்தார். தோட்டத்தில் பாடுபட்ட கவுண்டர் குடும்பத்து ஆட்கள் எப்படி பனியன் கம்பெனியில் தொழிலாளியாக நுழைந்து, கூட்டு சேர்ந்து முதலாளி ஆனார்கள், நாங்கள் உழைத்து மேலே வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதே எப்படி மற்றவர்களை வேலை வாங்குகிற உரிமையாக மாறியது என்று காட்டியிருப்பார். உங்கள் மாமாவும் அதே பேச்சைத்தான் பேசுவார் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பாவும் அதைத்தான் பேசுவார். அதை மதிப்போடும் கேட்க வேண்டும், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது, இரண்டு களம் எடுங்கள். மாமா களத்தில் முதலாளி பக்கம் மட்டும். சொந்தம் இல்லாத வேறொரு இடத்தில் வேலை செய்கிறவர்கள் பக்கம். ஒன்றில் கேட்டதை இன்னொன்றில் மூச்சுவிடக் கூடாது. முடிந்தால் நடுவில் பத்து இருபது கிலோமீட்டர் இருக்கட்டும்.

இன்னொன்று, மில்களில் இப்போது பீகார், ஒடிசாக்காரர்கள் நிறைய. ஆய்வில் அவர்களையும் சேர்ப்பதாக இருந்தால் இந்தி தெரிந்தவரை வைத்து மேலோட்டமாகக் கேட்டு எழுதாதீர்கள், அது அவர்களுக்கு அநியாயம். ஒரு பருவத்தில் முடிகிற ஆய்வுக்குத் தமிழ் பேசுகிற பெண்களே போதும்.


வளவுப்பெண் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் பேச வைக்க நினைக்கிறீர்களே, அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா தாராபுரம் சாலையில் ஒரு களத்துக்குத்தான் வருஷக்கணக்கில் வேலைக்குப் போனார். நாங்கள் அருந்ததியர். நானும் பிறகு ஆய்வுப் படிப்புக்குப் போய் விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி எழுதினேன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

எங்கள் வளவுக்குக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். கழிப்பறை இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை நாள் கறி, வீட்டுக்காரர் குடிக்கிறாரா. வாசலில் நின்றபடியே கேட்பார்கள், எழுதுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். திரும்பி வந்து இதுதான் எழுதினோம் என்று ஒரு தாளைக் காட்டியவர் ஒருத்தரும் இல்லை. என் அம்மா ஒருமுறை கேட்டார், "நம்ம சோத்துப் போசியில என்ன இருக்குதுன்னு எழுதிட்டுப் போறாங்களே, அவங்க சோத்துப் போசியில என்ன இருக்குதுன்னு நாம கேட்டா சொல்லுவாங்களா?" எனக்குக் கோபம் அன்றைக்கு வந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

களத்தில் வைத்துப் பேச வேண்டாம். அங்கே மேஸ்திரி இருப்பார், கை ஓய்ந்தால் கூலி ஓயும், தேங்காய்த் தண்ணீர் புளித்த வாடையில் ஈ மொய்க்க உட்கார்ந்திருக்கிறவரிடம் உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பதே கொடுமை. பருப்பு எடுத்து எடுத்து உள்ளங்கையில் கோடு கோடாக வெட்டு விழுந்திருக்கும், மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிக்கொள்வார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகம் போடுகிற களமாக இருந்தால் கண் எரிச்சலும் இருமலும் சேரும். இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும். பேச வேண்டும் என்றால் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போங்கள். தண்ணி பிடித்து, அடுப்பு பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகு வாசலில் உட்கார்வார்கள். அப்போது நீங்களும் போய்த் தரையில் உட்காருங்கள். நோட்டை எடுக்காதீர்கள், குறைந்தது முதல் சில வாரங்களுக்காவது.

அங்கே உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். எந்த ஊரு, யாரு பொண்ணு, என்ன குலம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தாலும் இரண்டு நாளில் தெரிந்துவிடும், அப்புறம் உங்களை நம்ப மாட்டார்கள். தண்ணி கொடுப்பார்கள். வாங்கிக் குடிக்கிறீர்களா, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறீர்களா, காப்பி வேண்டாம் இப்பத்தான் குடித்தேன் என்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்களிடம் எவ்வளவு பேசலாம் என்பது அந்த இடத்தில் முடிவாகிவிடும். வளவுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள் என்பது உங்கள் வீட்டிலும் ஒருநாள் பேச்சாகும். அம்மாவிடம் அதை முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், பாதிக் களப்பணியில் உங்களை நிறுத்திவிட்டால் அந்தப் பெண்கள் மனசு புண்படும், உங்கள் வீட்டில் தடுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்குக் காரணமும் தெரிந்துவிடும்.

கடன், முன்பணம் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கூலி எவ்வளவு என்றால் சொல்லிவிடுவார்கள், எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். குமாரபாளையம் தறிகளில் இந்தப் பாக்கி, அதாவது முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கடன், எப்படித் தொழிலாளியைக் கட்டிப்போடுகிறது, அதே பாக்கியைப் பெரிதாகக் கேட்டு வாங்கி இன்னொரு முதலாளியிடம் போய்த் தொழிலாளி எப்படித் தனக்கு ஒரு வழி பண்ணிக்கொள்கிறான் என்று கீர்ட் டி நெவ் என்ற மானிடவியலாளர் எழுதியிருக்கிறார், 1999-ல் ஒரு கட்டுரை, 2005-ல் நூல். என் ஆய்வுக்கு ரொம்ப உதவியது. ஏமாற்றப்படுகிற பாவப்பட்டவர்கள் என்று மட்டும் எங்களைப் பார்க்காமல், கணக்குப் போட்டு நடக்கிறவர்களாகவும் பார்த்து எழுதியதால் எனக்கு அவர்மேல் மரியாதை. களத்துப் பெண்களும் அப்படித்தான். எந்த மேஸ்திரி நல்லவர், எந்தக் களத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது, எங்கே சாயங்காலமே காசு கைக்கு வரும் என்று அவர்களுக்குள் ஒரு பெரிய கணக்கே ஓடும். அதைக் கேளுங்கள்.

கடைசியாக, 2009-ல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு எங்கள் வளவுகளிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதப் போகிற ஆய்வேட்டை அந்தப் பெண்களின் மகள் ஒருத்தி ஒருநாள் படிப்பாள். எழுதுகிற ஒவ்வொரு பக்கத்திலும் அவளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.


கீழ்பவானி எழுதியது:

வேலை பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்பவர்களுக்கு ஏதாவது பதில் வேண்டுமே.

நெட் தேர்வில் மானிடவியல் தனிப் பாடம், பாட எண் 07. அதில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டில் இந்தத் துறை உள்ள கல்லூரிகள் குறைவு, அது உண்மை, அதை வீட்டில் மறைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் துறை இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, ஆய்வுப் படிப்புக்கு அங்கெல்லாம் முயற்சி செய்யலாம். இந்திய மானிடவியல் மதிப்பாய்வகத்துக்குத் தென்மண்டல மையம் மைசூரில். உதகையில் பழங்குடியினர் ஆய்வு மையம். குடிமைப் பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் ஏராளம். தொண்டு நிறுவனங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், அப்புறம் மக்கள் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதித் தருகிற கம்பெனி வேலைகளும் பெங்களூரில் இருக்கின்றன, என் தோழி ஒருத்தி அதில்தான் இருக்கிறாள், நல்ல சம்பளம்.

வேலை கிடைக்குமா என்று கேட்கிற அப்பாவிடம் கோபப்படாதீர்கள். காலேஜ் பீஸ் கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார்.


காங்கேயத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வளவுப்பெண் அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தண்ணீர் பற்றிய இடம் வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ராத்திரி அவரே வந்து, "போயிட்டு வா, உங்கப்பனுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார். இதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பனியன்நகரம் அண்ணா சொன்ன மாதிரி இரண்டாகவே செய்யலாம் என்று இருக்கிறேன். மாமாவிடம் முதலாளி பக்கம், அவரிடம் இது ஆய்வு என்று தெளிவாகச் சொல்லி, எழுதியதைக் காட்டி. பெண்கள் பக்கத்துக்கு மூலனூர்ச் சாலையில் எங்களுக்கு உறவு இல்லாத இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அங்கே போகிறவர்களில் ஒருவருடைய மகள் என்னோடு பள்ளியில் படித்தவள்.

இன்னும் மூன்று சந்தேகம். நோட்டே எடுக்காமல் எப்படி நினைவு வைத்துக்கொள்வது? ஊர் பெயரை மாற்றினாலும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யார் என்று தெரிந்துவிடாதா? அப்புறம், யாராவது கடன் கேட்டால் என்ன செய்வது? பள்ளித் தோழி இப்போதே சொல்லிவிட்டாள், கட்டாயம் கேட்பார்கள் என்று.


நொய்யல்கரை எழுதியது:

நினைவுக்கு ஒரே வழி, அன்றைக்கு ராத்திரியே எழுதுவது. தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். வண்டியை வீட்டுக்கு விடுவதற்கு முன்னால் ஏதாவது டீக்கடையில் நிறுத்தி, கைப்பேசியில் நாலைந்து சொற்களை மட்டும் தட்டிக்கொள்ளுங்கள், "மழை - ரேஷன் அரிசி - மேஸ்திரி பொண்டாட்டி" என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அதை விரியுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், நோம்பிக்கு, ஒறம்பரைக்கு, வெசனம் என்று வந்தால் அப்படியே. புத்தகத் தமிழுக்கு மாற்றினால் ஆள் மறைந்துபோவார். பார்த்தது ஒரு பக்கம், அதைப் பற்றி உங்களுக்குத் தோன்றியது எதிர்ப் பக்கம், இரண்டும் கலக்கக் கூடாது. மனசில் வந்த எரிச்சலையும் சலிப்பையும் கூடத் தனியாக எழுதி வையுங்கள். மலினோவ்ஸ்கி என்ற பேர் பெற்ற மானிடவியலாளர் பசிபிக்கில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் அப்படி எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு அவர் இறந்த பிறகு 1967-ல் வெளிவந்து பெரிய பரபரப்பே ஆனது, அவர் அந்த மக்களை எவ்வளவு கடுகடுப்போடு பார்த்தார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. அதைப் படித்தால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் எரிச்சல் எழுத்தில் வந்துவிட்டால் அதை நாமே பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும்.

உறவுமுறை வரைபடம் சீக்கிரமே போடத் தொடங்குங்கள். ஒரு வளவில் யார் யாருக்கு அக்கா, யார் எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், எந்த மச்சான் எந்தக் களத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தால், வேலைக்கு ஆள் சேர்கிற வழி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பெண்களுக்கும் அது பிடிக்கும், அப்பாரு பேர், அம்மத்தா பேர் என்று உற்சாகமாகச் சொல்வார்கள்.

பெயர் விஷயத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. கேத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் தஞ்சாவூர்ப் பக்கம் எழுதிய ஊருக்குக் கும்பப்பேட்டை என்று வேறு பெயர் வைத்தார், அந்தக் காலத்தில் ஊராருக்கு அது எட்டவில்லை. இன்றைக்கு ஆய்வேடு இணையத்தில் ஏறிவிடும். ஒருவர் சொன்னதை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள், பிள்ளைகள் எண்ணிக்கை, வயது, வந்த ஊர் போன்றவற்றை அர்த்தம் கெடாமல் மாற்றுங்கள். அப்படியும் அடையாளம் தெரிகிற செய்தி என்றால், அது எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடன் பற்றி வளவுப்பெண் சொல்வதுதான் சரியாக இருக்கும்.


வளவுப்பெண் எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடன் கேட்பார்கள், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிக் களம் மூடியிருக்கும்போது கேட்பார்கள். நீங்கள் தேடுகிற பதிலும் அந்த வாரங்களில்தான் கிடைக்கும் என்பதால் அப்போது போகாமல் இருக்கவும் முடியாது. தகவலுக்குப் பதிலாகக் காசு என்று ஒருபோதும் ஆக்கிவிடாதீர்கள். பேசியவருக்கு மட்டும் கொடுத்தால் பேசாதவர் வீட்டில் சண்டை வரும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு இல்லை என்றால் கொடுங்கள், திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல், உங்களால் முடிந்த அளவு. பெரிய தொகை கேட்டால் நானே மாணவிதானுங்க என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அதைப் புரிந்துகொள்ளாத ஆட்கள் இல்லை அவர்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, உதவித்தொகைப் படிவம் நிரப்ப என்று உங்கள் படிப்பால் ஆகிற வேலை நிறைய இருக்கும். இ-சேவை மையத்துக்குக் கூடப் போய் வாருங்கள். அதற்கு நாளெல்லாம் போகும், அன்றைக்கு நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது என்று நினைக்காதீர்கள், வரிசையில் நிற்கிற நேரத்தில்தான் நிறையப் பேசுவார்கள்.

எழுதி முடித்ததும் ஆய்வேட்டைத் துறையில் கொடுப்பதற்கு முன்னால் அவர்களைப் பற்றிய பகுதிகளை உங்கள் பள்ளித் தோழியை விட்டு அவள் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற வரிகளை எடுத்துவிடுங்கள். ஆடியில் போய்ப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.